மண்ணா? வேண்டவே வேண்டாம்!

செம்மண் நிறத்தில் சுவர்கள். சன்னல்களுக்கு இரும்புச் சட்டப் பலகைகள். சுவரெல்லாம் முடிந்த பிறகு, அந்தரத்தில் ஒரு தகரக் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஆள் புகுந்து புறப்படலாம் போல இடைவெளி, அதற்குள் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ நாட்டில், தலைநகர் வாகடூகுவிலிருந்து தென்கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காண்டோ என்ற கிராமத்தின் ஆரம்பப் பள்ளி இது. 2001இல் கட்டி முடித்தார்கள். கட்டடக்கலைப் புத்தகங்களில் இதன் முகப்புப் படம் ஆயிரம் தடவை வந்துவிட்டது. ஆகவே முகப்பு வேண்டாம். வாங்க, பின்பக்கமாகப் போவோம். கூரைக்குள் தலையை நீட்டுவோம், கல் அச்சின் கைப்பிடியை இழுத்துப் பார்ப்போம், தரையை உள்ளங்கையால் தடவுவோம், ஊர்க்கூட்டத்தில் யார் முகம் சுளித்தார்கள் என்று விசாரிப்போம். சொல்ல உட்காரும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. ஏனென்றால் இந்தக் கட்டடத்தில் நாம் வியந்து பார்க்கிற பலவும், ஊர்க்காரர்கள் ‘இது ஆகாது’ என்று சொன்ன இடத்திலிருந்து பிறந்தவை!

முதலில் பழைய கதை. 1990களின் கடைசியில் காண்டோவில் இருந்த பள்ளிக் கட்டடம் எப்போது சரியுமோ என்ற நிலைக்கு வந்துவிட்டது. மின்சாரம் இல்லாத ஊர், நல்ல குடிநீர் இல்லாத ஊர். பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி போச்சு என்றால் அடுத்த தலைமுறைக்கும் அதே கதிதான். இந்தச் சேதி பெர்லினில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரின் காதுக்குப் போனது. டியேபேடோ ஃபிரான்சிஸ் கேரே. காண்டோ ஊர்த்தலைவரின் மூத்த மகன், 1965இல் பிறந்தவர், அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் பிள்ளை.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது காண்டோவில் பள்ளியே கிடையாது. ஏழு வயதில் பக்கத்து நகரமான டென்கோடோகோவில் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே சிமெண்டுக் கல் வைத்துக் கட்டிய வகுப்பறை. நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ளே. வெளிச்சம் வராது, காற்று வராது. வெளியே வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், உள்ளே அதைவிட மோசம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஏப்ரல் மாதப் பரீட்சை எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வேக்காட்டில் உட்கார்ந்துகொண்டு, என்றைக்காவது நல்ல பள்ளிக்கூடம் ஒன்று கட்டுவேன் என்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டதைப் பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு விடுமுறை முடிந்து கிளம்பும்போதும் வீடு வீடாகப் போய் விடைபெற வேண்டும், அதுதான் ஊர் வழக்கம். அப்போது காண்டோப் பெண்கள் மடியை அவிழ்த்து, கடைசிக் காசை எடுத்து அவர் கையில் வைப்பார்களாம். இத்தனை பேர் ஏன் தன்மேல் இவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். இவன் படித்து முன்னுக்கு வந்து, ஒருநாள் திரும்பி ஊருக்கு நல்லது செய்வான் என்று நம்பிக் கொடுக்கிற காசு அது என்றாராம் அம்மா. 2013இல் டெட் மேடையில் இதைச் சொன்னபோது கேரே உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். ஆனாலும் கதையை அந்தக் காசிலிருந்துதான் ஆரம்பித்தார். ஊர்மக்கள் பங்கு என்று இன்றைக்கு எல்லாத் திட்டங்களிலும் பேசுகிறோமே, காண்டோவில் அந்தப் பங்கு வரைபடம் போடுவதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே வசூலாகத் தொடங்கிவிட்டது!

கேரேவின் பயணத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1985இல் தச்சுவேலை கற்கும் உதவித்தொகையில் ஜெர்மனி போனார். பகலில் கூரை போடவும் மேசை நாற்காலி செய்யவும் பயிற்சி, இரவில் பள்ளிப் படிப்பு. 1995இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை. 1998இல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, காண்டோ பள்ளிக்காக ஒரு சங்கம் தொடங்கினார். கூடப் படித்தவர்களிடம் போய், காபிக்கும் சிகரெட்டுக்கும் செலவழிக்கிற காசைக் குறைத்துப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் 50,000 அமெரிக்க டாலர் சேர்ந்தது. பட்டம் வாங்காத மாணவர், கையில் சகமாணவர்களின் காபிக் காசு, மனசில் ஒரு வகுப்பறை. அப்படியே ஊருக்கு வந்து இறங்குகிறார்.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

ஊருக்கே தலைகால் புரியாத சந்தோஷம். ஐரோப்பாவில் படித்த நம் பிள்ளை வந்திருக்கிறான், நகரத்தில் இருப்பது போல, வெள்ளைக்காரன் கட்டியதைப் போல, கான்கிரீட்டும் கண்ணாடியுமாகப் பள்ளிக்கூடம் வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். கேரே வாயைத் திறந்து, களிமண்ணில் கட்டப் போகிறோம் என்கிறார்.

ஊர் அதிர்ந்துபோனது. கோபத்திலும் நியாயம் இருந்தது. அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மண்ணில் கட்டுகிறவர்கள். மண் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு பெர்லினில் எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. ஒரு மழைக்காலம் வந்தால் சுவர் கரையும், அடுத்த கோடையில் பூசி மெழுக வேண்டும், அதற்கடுத்த வருஷம் மறுபடி. வருஷா வருஷம் அந்த வேலையைச் செய்து செய்து கை காய்த்தவர்களிடம் போய், பள்ளியையும் மண்ணில் கட்டலாம் என்றால்? வயலில் நம்மோடு நின்று வேலை செய்யாமல் இத்தனை காலம் வெளிநாட்டில் படித்தது இதற்குத்தானா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

கேரே அந்த எதிர்ப்பை ஒதுக்கித் தள்ளவில்லை. ஊர் சொன்னதில் உண்மை இருந்தது: மழை மண்ணைக் கரைக்கும். அப்படியானால் இரண்டு வேலை செய்யலாம். மண்ணைக் கரையாதபடி கெட்டிப்படுத்தலாம். மழை சுவர்மேல் விழாதபடி கூரையை வெளியே நீட்டலாம். காண்டோ பள்ளியின் இரண்டு பெரிய அடையாளங்கள் இவைதான்: அழுத்திச் செய்த மண்கல், சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் பெரிய தகரக் கூரை. ஊரின் ஆட்சேபம்தான் கட்டடத்தின் வடிவமாக மாறியிருக்கிறது. எனக்கு இது எத்தனை தடவை படித்தாலும் சலிக்காத இடம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பெயர் வைத்து, மேடை போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே போட்ட வரைபடத்தையே கட்டுகிற வழக்கத்தை நாம் நிறையப் பார்த்தாயிற்று. மறுப்பு சொன்னவரின் மறுப்பைச் சுவரிலும் கூரையிலும் காட்ட முடிகிற கட்டடம் அபூர்வம்.

வரைபடத்தைக் காட்டிப் பேசவும் முடியாது. காகிதத்தில் இருக்கும் கோட்டை வாசித்துப் பழக்கமில்லாத மக்கள். ஆகவே மண் தரையிலேயே கோடு கிழித்துக் காட்டுவது, ஒரு துண்டைக் கட்டிக் காட்டித் தொட்டுப் பார்க்க விடுவது என்று வேலை நடந்திருக்கிறது. இப்படிப் பேசிப் பேசித்தான் ஊர் இசைந்தது. இசைந்த பிறகு நின்று வேடிக்கை பார்க்கவில்லை. ஆண், பெண், பிள்ளை குட்டி, அத்தனை பேரும் களத்தில் இறங்கினார்கள். நம் பக்கத்துக் குடிமராமத்து என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும்.

கடக்காலுக்குக் கல் வேண்டும். யார் கொண்டுவந்தார்கள் தெரியுமா? பிள்ளைகள்! தாங்கள் படிக்கப்போகிற பள்ளியின் அடித்தளத்துக்குத் தாங்களே கல் பொறுக்கிச் சேர்த்தார்கள். அந்தக் கல் இன்னும் சுவருக்கு அடியில் இருக்கிறது. அதைச் சுமந்த பிள்ளைகள் இப்போது முப்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். மண்கல் அறுக்கத் தண்ணீர் வேண்டும். வேனல் காய்கிற ஊரில் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டியவர்கள் பெண்கள்.

இனி அந்தக் கல்லைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் மந்திரமே அதில்தான். சுடாத கல் இது. விறகு தேவையில்லை, சூளை தேவையில்லை. மரம் அரிதான இந்தப் பகுதியில் இது எவ்வளவு பெரிய விஷயம்! மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். மேல்மண்ணில் வேரும் சருகும் கலந்திருக்கும், அது பின்னால் மக்கி ஓட்டை விழும். எடுத்ததைச் சலித்துக் கட்டி நீக்கி, கொஞ்சமாகச் சிமெண்டு கலந்து, பதமாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பதம் பார்ப்பதற்கு எளிய கைச் சோதனை ஒன்று உண்டு: ஈர மண்ணை ஓர் உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடு. நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. தூளாகப் போனால் தண்ணீர் போதாது. உடையாமல் சப்பென்று ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அதிகம். பதம் கூடியதும் இரும்பு அச்சில் நிரப்பி, மூடி, நீளமான கைப்பிடியை இரண்டு பேர் தொங்கி இழுத்து அழுத்தினால், விளிம்பு கூராக ஒரு கல் வெளியே வரும். அதை அப்படியே வெயிலில் போடக்கூடாது. நிழலில் அடுக்கி, மூடி, வாரக்கணக்கில் தண்ணீர் தெளித்து ஆறவிட வேண்டும்.

இதே வகைக் கல்லைப் பார்க்க நமக்கு ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். ஆரோவில்லில் 1989 முதல் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறார்கள், அங்கே பார்வையாளர் மையமே இப்படிப்பட்ட கல்லில் எழும்பியதுதான். புதுச்சேரிப் பக்கம் போனால் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், காண்டோவின் சுவர் எப்படி இருக்கும் என்று கை சொல்லிவிடும்.

காண்டோவில் இந்தக் கல் அறுக்கும் வேலையைச் செய்ய வெளியூர் ஆட்களைக் கூட்டிவரவில்லை. உள்ளூர்ப் பொருள்களில் கட்டுவதை ஊக்குவிக்கிற லோகோமாட் என்ற அரசு அமைப்பு பயிற்சிக்குக் கை கொடுத்தது. கற்றுக்கொண்டவர்கள் ஊர் ஆண்கள். திட்டத்தை நடத்தியவர்களும் காண்டோக்காரர்களே. கவனித்தீர்களா, யோசனையை மட்டும் ஊரிடம் கேட்டுவிட்டு வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் ஏற்பாடு அல்ல இது.

சுவர் எழும்பியாயிற்று. மூன்று வகுப்பறைகள், ஒரே நேர்வரிசையில். ஆனால் ஒட்டி ஒட்டி இல்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே, அதே கூரைக்குக் கீழே, சுவரில்லாத நிழல் முற்றம். வகுப்பும் நடத்தலாம், விளையாடவும் செய்யலாம், வெயிலுக்கு ஒதுங்கவும் செய்யலாம். சுவர் உச்சியைச் சுற்றிலும் ஒரு கான்கிரீட் வளையம் ஓடி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. இனிக் கூரை!

கூரைக்கு நீளமான இரும்பு உத்தரங்கள் வேண்டும். அவற்றை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டும், தூக்கி வைக்கக் கிரேன் வேண்டும். இந்த ஊருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. கேரே என்ன செய்தார் என்று கேளுங்கள். கான்கிரீட்டுக்குள் வைத்துக் கட்டுவோமே, வரிவரியாகக் கோடு போட்ட கம்பி, எந்தச் சந்தையிலும் கிடைக்கிற சாதாரணக் கட்டுமானக் கம்பி, அதை எடுத்தார். அறுத்து, முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து, இலேசான சட்டகங்களாக மாற்றினார். இதற்கு ஊர் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் இரண்டே கருவிகள்: ஒரு கைரம்பம், ஒரு சின்ன வெல்டிங் மெஷின். கிரேனும் வேண்டாம், லாரியும் வேண்டாம், ஆட்களே தூக்கி ஏற்றிவிடலாம். கான்கிரீட்டுக்குள் புதைந்து யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற கம்பி இங்கே வெட்டவெளியில் நின்று கூரையைத் தாங்குகிறது. பெர்லினில் தச்சனாகக் கூரை போடக் கற்றவரின் கை இது என்று எனக்குத் தோன்றும். கட்டடக்கலை மட்டும் படித்தவருக்கு இந்த யோசனை இவ்வளவு இலகுவாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தத் தகரக் கூரை வகுப்பறையின் நேரடிக் கூரை அல்ல. அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. சுவர்களுக்குக் குறுக்கே கம்பிகளைப் போட்டு, அவற்றின்மேல் அதே மண்கல்லை அடுக்கி, நடுநடுவே இடைவெளி விட்டு ஓர் உள்கூரை அமைத்திருக்கிறார்கள். தலையில் முண்டாசு கட்டி அதற்கு மேல் குடையும் பிடித்த மாதிரி. வெயில் தகரத்தை எவ்வளவு சுட்டாலும் அந்தச் சூடு நேராகப் பிள்ளைகளின் தலையில் இறங்காது. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுகிறது, மண் உள்கூரை தடுத்து நிற்கிறது.

இதைவிடக் குதூகலமான சங்கதி ஒன்று இருக்கிறது. தகரம் சூடாக ஆக, அதன் கீழே இருக்கிற காற்றும் சூடாகி மேலெழுந்து பக்கவாட்டில் வெளியேறும். வெளியேறுகிற காற்று, வகுப்பறைக்குள் இருக்கிற வெக்கையையும் உள்கூரையின் இடைவெளி வழியாக இழுத்துக்கொண்டு போகும். போன இடத்தை நிரப்பச் சன்னல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். ஆக, வெளியே வெயில் ஏறும்போது உள்ளே காற்றோட்டமும் கூடும்! மின்விசிறி கிடையாது, மின்சாரமே கிடையாது. புர்கினா ஃபாசோவில் வெயில் 45 டிகிரி வரை போகும். பிள்ளைகளை வாட்டிய அதே வெயிலை வேலைக்கு வைத்துக்கொண்ட கட்டடம் இது. டென்கோடோகோவில் வெந்துபோய் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பையனுக்கு இதைக் காட்ட முடிந்தால் எப்படி இருந்திருக்கும்!

தரைக்கு வருவோம், குனிந்துகொள்ளுங்கள். இது முழுக்க முழுக்க ஊரின் பழைய கைவேலை. களிமண்ணைப் பரப்பியதும் முதலில் இளவட்டங்கள் வரிசையாக நின்று திமிசுக்கட்டையால் இடிக்கிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி இல்லை, மணிக்கணக்காக. அவர்கள் ஓய்ந்ததும் அம்மாமார் வருகிறார்கள். இடுப்பை வளைத்துக் குனிந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டையால் தட்டுகிறார்கள். அதுவும் மணிக்கணக்காக. அதற்குப் பிறகு மெருகு போடுகிறவர்கள் உட்கார்ந்து கூழாங்கல்லால் தேய்க்க ஆரம்பிக்கிறார்கள். மறுபடி மணிக்கணக்காக. கடைசியில் கிடைப்பது கை வழுக்கும் பளபளப்பு. மகன் இடித்த தரையில் அம்மா தட்டி, பாட்டி மெருகேற்றி, பேரப்பிள்ளை உட்கார்ந்து படிக்கிறது என்று நினைத்துப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஐரோப்பாவில் படித்த கட்டடக் கலைஞர் ஒருவர் இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க முடியாது. கற்றுக்கொள்ளத்தான் முடியும். ஊர் சொல்வதைக் கேட்பது என்றால் ஊரின் ஆட்சேபத்தைக் கேட்பது மட்டுமா, ஊரின் கைக்கு என்ன தெரியும் என்று கேட்பதும்தானே?

2001இல் பள்ளி திறந்தது. பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். நிற்கவே இல்லை, வந்துகொண்டே இருந்தார்கள். 120ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை காலப்போக்கில் 700க்கு உயர்ந்தது. மூன்று வகுப்பறைகள் எந்த மூலைக்கு? 2004இல் ஆசிரியர்களுக்கு வீடுகள் கட்டினார்கள், ஏனென்றால் குடியிருக்க ஒழுங்கான வீடில்லாத கிராமத்துக்கு நகரத்து ஆசிரியர் எவரும் வந்து தங்க மாட்டார். அந்த வீடுகளுக்கு மண்கல்லாலேயே வளைவுக் கூரை. பிறகு 2008இல் பள்ளிக்கு ஒரு விரிவு, அதிலும் வளைந்த மண்கூரை, இடையிடையே காற்றுத் துளைகள். முதல் கட்டடத்தில் கற்றுக்கொண்ட கைகள் இப்போது துணிந்து வளைவு போடுகின்றன பாருங்கள்!

அதே பள்ளிக்கு எழுப்பிய நூலகத்தின் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் இனிப்பு. அதற்கு மேலிருந்து வெளிச்சமும் வரவேண்டும், வெக்கையும் போகவேண்டும். கண்ணாடிக்கு எங்கே போவது? ஊரில் கிடைப்பது மண்பானை. காண்டோப் பெண்கள் பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கு வரிசையாக வருகிற படத்தைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். வந்த பானைகளின் அடியை அறுத்துவிட்டு, கூரைத் தட்டின்மேல் நெருக்க நெருக்கமாக நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினார்கள். இறுகிய பிறகு கூரை முழுக்க வட்ட வட்டமாகத் திறப்புகள். ஒவ்வொரு பானை வாய்க்கும் ஒவ்வோர் அளவு. கீழே தரையில் வெளிச்ச வட்டங்கள், வெயில் நகர நகர அவையும் நகரும். சமையலறைச் சாமானைச் சன்னலாக்கியிருக்கிறார்கள்! எந்தப் பானை யார் வீட்டிலிருந்து வந்தது என்று அண்ணாந்து பார்த்துச் சொல்லக்கூடிய நூலகம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது?

அதே நூலகத்தைச் சுற்றி ஒரு மறைப்பு, யூகலிப்டஸ் கம்புகளை வரிசையாக நட்டுச் செய்தது. நம் ஊரில் தைல மரம் என்போமே, அதேதான். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, நிழலும் தருவதில்லை என்று புதுக்கோட்டை, சிவகங்கை விவசாயிகள் என்ன குற்றம் சொல்கிறார்களோ அதையே புர்கினா ஃபாசோவிலும் சொல்கிறார்கள். வெட்ட வேண்டிய மரத்தை வெட்டி நிழலாக்கிவிட்டார்கள். இந்த ஊர் எதையும் வீணாக விடுவதில்லை.

விருதுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004இல் ஆகா கான் கட்டடக்கலை விருது காண்டோ ஆரம்பப் பள்ளிக்கு. அதே 2004இல்தான் கேரே பெர்லினில் பட்டம் முடித்தார். மாணவராக இருந்தபோது கட்டிய முதல் கட்டடத்துக்கு உலக விருது! 2017இல் லண்டனின் செர்பன்டைன் பெவிலியனை வடிவமைத்தபோது, ஊர் மக்கள் கூடிப் பேசுகிற காண்டோ மரத்தடியைத்தான் மனசில் வைத்துக்கொண்டார். அந்த மரநிழலைக் கென்சிங்டன் தோட்டத்தில், கொண்டாட்டத்துக்கு உரிய நீல நிறச் சுவர்களோடு எழுப்பினார். 2022இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு, அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர். ஆனால் இந்தப் பரிசுகளையெல்லாம் விட என்னைத் துள்ள வைப்பது காண்டோவிலேயே அடுத்து நடந்த வேலை.

ஆரம்பப் பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளி வேண்டுமல்லவா? அதற்கு இன்னொரு தாவல். கல் அறுத்து, ஆறவைத்து, ஒவ்வொன்றாக அடுக்குவது நேரம் பிடிக்கிற வேலை. கான்கிரீட்டைப் பலகை அடைப்புக்குள் ஊற்றுவது போல மண்ணையே ஊற்றினால் என்ன? மண்ணோடு ஜல்லியும் கொஞ்சம் சிமெண்டும் கலந்து, பல கலவைகளைச் செய்து செய்து பார்த்து, சரியான சேர்மானம் கிடைத்ததும் ஊரோடு சேர்ந்து ஊற்றத் தொடங்கினார்கள். இந்தப் பள்ளியின் திட்டத்துக்கு 2012இல் ஹோல்சிம் உலகத் தங்க விருது கிடைத்தது. நடுவில் மழைக்காலம் வந்தால் பாதி எழும்பிய சுவர்களைத் துணி, தார்ப்பாய் என்று கையில் கிடைத்ததைப் போட்டு அவசர அவசரமாகப் போர்த்துகிறார்கள். அந்த மழையை அவர்கள் திட்டுவதில்லை என்கிறார் கேரே. ஏனென்றால் வெள்ளம்தான் ஆற்றுக்கு மணலையும் சரளையையும் கொண்டுவந்து சேர்க்கிறது. மழை விட்டதும் போய் அள்ளிவந்து, மண்ணோடு கலந்து, விட்ட இடத்திலிருந்து ஊற்றுகிறார்கள்.

கேரே சொல்கிற இன்னொரு விஷயம்: சில சமயம் தான் அங்கே இருக்க வேண்டியதே இல்லையாம், ஊர்க்காரர்களே வேலையை நடத்திவிடுகிறார்கள். கலவையின் பதம், அடைப்பின் அளவு, எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. முன்பெல்லாம் காண்டோவில் ஓர் இளைஞன் நாலு காசு பார்க்க வேண்டுமானால் நகரத்துக்கோ வெளிநாட்டுக்கோ போயாக வேண்டும். போனவர்களில் சிலர் திரும்புவதே இல்லை. இப்போது மண்கல் அறுக்கவும் கம்பியைப் பற்றவைக்கவும் தெரிந்தவர்கள் உள்நாட்டிலேயே வெவ்வேறு கட்டட வேலைகளுக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். உள்ளாட்சி அதிகாரிகளும் பள்ளிக்கு ஆசிரியர்களை நியமித்துச் சம்பளம் கொடுத்ததோடு, இங்கே பயிற்சி பெற்ற இளைஞர்களைத் தங்கள் பொதுப்பணிகளில் சேர்த்துக்கொள்ள முயன்றார்கள். அந்தப் பணிகளிலும் இதே கட்டுமான முறைதான்.

காண்டோவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்கள் இரண்டு சும்மா இருக்கவில்லை. காண்டோக்காரர்கள் கூடியதைப் போலத் தாங்களும் கூடி, ஊருக்கொரு பள்ளிக்கூடத்தைக் கட்டி முடித்துவிட்டன!